பரணில் இருந்த செப்டம்பர்

ஸ்டெல்லா என்ற பெண்ணிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அவளுடைய அப்பா இருபது வருடம் எழுதிவைத்ததை நானே அழித்துவிட்டு, வைரஸ் அழித்துவிட்டது என்றேன். அழிந்துபோனதாக நான் சொன்னதன் இன்னொரு பிரதி முப்பது வருடத்துக்கு மேல் என் வீட்டிலேயே கிடந்தது. அது அங்கே கிடப்பது எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துக் கடைசியில் சொன்னால், அதற்குள் நீங்கள் என்மேல் கொஞ்சம் பிரியம் வைத்துவிடக்கூடும். அது நியாயமில்லை.

போன வருடம் கள்ளிக்குப்பம் வீட்டில் பரணைக் காலி செய்தோம். கரையான் வந்துவிட்டது என்று மருமகள் சொன்னாள். ஒலிபெருக்கி கட்டிய மினி வேனில் பழைய சாமான் எடுப்பவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை வருவார். அவரைக் கூப்பிட்டோம். உடைந்த மின்விசிறி, என் பழைய பரீட்சைப் புத்தகங்கள், பேரனின் மூன்று சக்கர வண்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். கடைசியாக ஒரு பிஸ்கட் டப்பா. அதைத் திறந்து உள்ளேயிருந்த கேசட் மாதிரியான ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா நைனா இது? வீடியோ கேசட்டா?”

“கம்ப்யூட்டர் டேப்.”

“பின்னாடி அலுமினியத் தகடு கீது. ஆனா இத்த பிரிச்சிகினு குந்தினா என் பொழப்பு இன்னா ஆவறது? வாணாம், நீயே வச்சிக்க.”

அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் ‘செப்டம்பர் – மாதக் கடைசி’ என்று என் கையெழுத்து. பழைய இரும்புக்காரர்கூட வேண்டாம் என்றதைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். டப்பாவுக்குள் அந்துருண்டை வாசனை. பூச்சி வராமலிருக்கப் போட்டது நான்தான். காந்தப் பூச்சுள்ள நாடாவை எந்தப் பூச்சி தின்னப்போகிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்துருண்டை என்றால் எனக்குக் குளிர்தான் ஞாபகம் வரும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். அந்த இடத்திலேயே ஏசி போட்ட ஒரே அறை கம்ப்யூட்டர் அறைதான். முதலாளிக்குக்கூட மின்விசிறிதான். அறைக்குள் ஈர வாடை அடிக்கிறது என்று மூலைக்கு மூலை அந்துருண்டை போட்டுவைத்திருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். நான் டை கட்டிக்கொண்டு, வெறுங்காலுடன் உட்கார்ந்திருப்பேன். மூன்று மாதப் பயிற்சிதான் எனக்கு. தோரணை என்னவோ அந்த இயந்திரத்தைப் பெற்று வளர்த்தவனுடையது. லேத்தில் வேலை செய்யும் மரியதாஸ் வெயில் ஏற ஏற ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு கதவைத் திறப்பார்.

“சார், என் லீவு எத்தினி பாக்கி கீதுன்னு பொட்டியாண்ட கேட்டுச் சொல்லு சார்.”

“காலையிலதானே கேட்டீங்க?”

“அதுக்கப்புறம் மாறிக்கீதான்னு பாரு சார்.”

நாங்கள் மூவரும் சிரிப்போம். மூன்றாவது ஆள்தான் ஸ்டெல்லா. எங்கள் இருப்புக் கணக்கு, ஆள் வருகை எல்லாவற்றையும் தட்டச்சு செய்து ஏற்றுவது அவள் வேலை. இருபத்திரண்டு வயதிருக்கும். அவளுடைய அப்பா அருளப்பன், ஏரிப் பக்கமிருந்த சிறிய மாதா கோயிலில் உபதேசியார். பாதிரியார் வராத நாட்களில் ஜெபம் நடத்துவதும், சாவு விழுந்த வீட்டுக்கு முதல் ஆளாகப் போவதும், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட இடம் காட்டுவதும் அவர்தான்.

அந்தத் தோட்டத்தில் கல் வைத்துக் கட்டிய கல்லறைகள் கொஞ்சம். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மரச் சிலுவை. இரண்டு மழைக்காலம் தாண்டினால் சிலுவையைக் கரையான் தின்றுவிடும், மேடு தரையோடு தரையாகிவிடும். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, பூவும் மெழுகுவத்தியுமாக வருகிறவர்கள் உபதேசியாரைத் தேடித்தான் போவார்கள். “அய்யா, எங்கம்மா எங்க?” என்று கேட்பார்கள். அவர் நோட்டைப் பார்த்து, எண்ணி நடந்து, “இங்க” என்று காலால் ஒரு கோடு கிழிப்பார். அந்த இடத்தில் மெழுகுவத்தி எரியும்.

நோட்டு மூன்று. இருபது வருடம் எழுதியது. ஸ்டெல்லா ஒருநாள் அவற்றைச் சேலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

“சார், அப்பாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் சரியில்ல. நேத்து என்னையே எங்கம்மா பேரைச் சொல்லிக் கூப்புடுறாரு. நோட்டையும் கரையான் தின்ன ஆரம்பிச்சிடுச்சு. மத்தியானம் சாப்புடுற நேரத்துல இதை அடிச்சி வச்சிக்கட்டுமா சார்?”

“தாராளமா அடிம்மா” என்றேன். தொழிலாளர்களுக்கு நோட்டீஸ் அடிக்க எங்களிடம் தமிழ் மென்பொருள் ஒன்று இருந்தது. நான்கு மாதம் அவள் டிபன் டப்பாவைத் தொடையில் வைத்துக்கொண்டே அடித்தாள். புரியாத எழுத்தை வாய்விட்டுப் படிப்பாள். எனக்குப் பல வரிகள் பாடமாகிவிட்டன. ‘சவரியம்மாள், மரியதாஸ் தாயார். வேம்பிலிருந்து கைப்பம்பை நோக்கி ஒன்பது தப்படி. தலை கிழக்கே.’ ‘பெயர் வைக்காத குழந்தை, லூர்து மகள். சுவரோரம், நித்தியகல்யாணிச் செடிக்குக் கீழே.’ அந்த வரியை அடித்துவிட்டு அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

முடித்த அன்று நோட்டுகளை என் மேசைமேல் வைத்தாள். கரையான் மண் கொட்டியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “முதல்ல இதை வெளியில போடு. கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சில்ல? இனி ஆயிரம் வருஷமானாலும் அழியாது” என்றேன். ஆயிரம் வருடம் என்ற கணக்கு எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் நம்பினாள். கேன்டீன் விறகடுப்பில் அவற்றைப் போட்டாள். அந்த அடுப்பில் கொதித்த டீயை நான் குடித்தேன்.

ஒரு ஃப்ளாப்பியில் அதைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒன்றே ஒன்றுதான். புது ஃப்ளாப்பிகளைப் பூட்டிவைத்து, கேட்டால் எண்ணிக் கொடுக்கிற அதிகாரம் என்னுடையது. வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்றாள். “வீட்ல வச்சா பூஞ்சை புடிக்கும், ஏசியில இருக்கட்டும்” என்று அவள் மேசை இழுப்பறையிலேயே வைக்கச் சொன்னேன். அச்சடித்துக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டதற்கு, ரிப்பன் தேய்ந்திருக்கிறது, பூஜை முடிந்து புது ரிப்பன் வந்ததும் பார்க்கலாம் என்றேன். நல்ல யோசனை சொல்கிறவனாக என்னை நானே மெச்சிக்கொண்ட நாட்கள் அவை.

பூஜை என்றால் ஆயுத பூஜை. எங்கள் தொழிற்பேட்டையில் அதற்கு முந்தின நாள் யாரும் வேலை செய்யமாட்டார்கள். கழுவுவார்கள், துடைப்பார்கள், வேண்டாததைக் கொளுத்துவார்கள். லேத்துக்குச் சந்தனம், துரப்பண இயந்திரத்துக்கு மாலை, கேட்டில் பூசணிக்காய். மரியதாஸும் சிலுவை தொங்கும் கழுத்தோடு தன் லேத்துக்குப் பொட்டு வைப்பார். நான் என் பங்குக்குக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வேன். வெளியே துடைப்பதோடு எனக்குத் திருப்தி வராது. உள்ளேயும் பழையது எதுவும் இருக்கக்கூடாது. அந்த வருடமும் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத கோப்புகளை எல்லாம் காலையிலேயே அழித்துவிட்டேன். பிறகு இருப்புக் கணக்கைப் பத்து ஃப்ளாப்பியில் ஏற்றி, வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் உறையிலும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பது வழக்கம்.

அந்த வருடம் ஒன்பதுதான் தேறியது. பத்தாவது கெட்டிருந்தது. பீரோவில் புதியது இல்லை. ஸ்டெல்லா பூ வாங்கப் போயிருந்தாள். அவள் இழுப்பறையைத் திறந்தேன்.

அதன்மேல் நீல மையில் ‘அப்பா’ என்று எழுதியிருந்தது. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் இயந்திரத்துக்குள் தள்ளினேன். அவளுடைய பிரதி கம்ப்யூட்டரில் இருக்கும், பிறகு எடுத்துக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். காலையில் அதை அழித்தவனும் நான்தான். மறந்துவிட்டேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிவந்தேன். மறதி இல்லை, ஒரு நிமிடம் நின்று யோசிக்கச் சோம்பல். பத்து எண்ணிக்கை சரியாக வந்தது. கற்பூரம் காட்டினோம். பொரி தின்றோம்.

விடுமுறை முடிந்து வந்து அவள் ஃப்ளாப்பியைப் போட்டாள். நட், போல்ட், வாஷர் என்று திரையில் ஓடியது. வெளியே எடுத்து உறையைப் பார்த்தாள், அதில் அவள் எழுத்து, அதன்மேல் சந்தனம். மறுபடி போட்டாள். “சார்” என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

“வெளியிலேர்ந்து ஏதாவது கேம்ஸ் போட்டியா? வைரஸ் வந்திருக்கும்” என்றேன்.

வைரஸ் என்ற சொல் மேலாளர் காதில் விழுந்துவிட்டது. அந்த வருடம் எல்லோரும் பயந்துகொண்டிருந்த சொல் அது. உள்ளே வந்தார். இந்தப் பெண் கம்பெனி இயந்திரத்தில் சொந்த வேலை பார்த்தாளா, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். “தெரியாது சார்” என்றேன். மறுநாளிலிருந்து அவளை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். போகும்போது டிபன் டப்பாவை மறந்து வைத்துவிட்டாள். மரியதாஸ்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் கேன்டீனில் மரியதாஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தார். உபதேசியார் நோட்டில்லாமல் வந்து நின்றாராம். ஒருவருக்குக் காட்டிய இடத்தையே இன்னொருவருக்கும் காட்டினாராம். இரண்டு குடும்பங்கள் ஒரே இடத்துக்காகச் சண்டை போட்டு, பூவைப் பிய்த்து எறிந்துகொண்டார்களாம்.

“நானும் சொன்னேன் சார். இன்னா உபதேசியாரே, போன வருசம் அந்தாண்ட காட்டுன, இந்த வருசம் இந்தாண்ட காட்டுற, எங்கம்மா இன்னா எழுந்து நடந்து போச்சான்னேன். மனுசன் அப்டியே குந்திட்டாரு.”

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மரியதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. தன் அம்மாவுக்கு வாங்கின மெழுகுவத்தியை வீட்டுக்கே எடுத்துப்போய்விட்டதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் சைக்கிளில் வரும்போதுதான் டேப் நினைவுக்கு வந்தது. தொழிற்சாலை தீப்பிடித்தாலும் கணக்கு தப்பவேண்டும் என்று, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கம்ப்யூட்டர் முழுவதையும் ஒரு டேப்பில் பதிந்து நான் வீட்டுக்கு எடுத்துப்போவேன். ஸ்டெல்லா அடித்து முடித்தது செப்டம்பரில். அந்த மாத டேப் என் பீரோவில், வேட்டிகளுக்கு நடுவில் இருந்தது. நூற்றுக்கணக்கான பெயர்களும் அதற்குள் இருந்தன.

டேப்பில் இருப்பதைத் திரும்ப எடுக்க ஒரு தாளில் மேலாளர் கையெழுத்து வாங்கவேண்டும். எதற்கு என்ற இடத்தில் காரணம் எழுதவேண்டும். அந்த ஒரு வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. டிசம்பரில் அந்த டேப்பின் முறை வந்தது, அதன்மேல் புதிதாகப் பதிந்துவிட வேண்டும். அதற்கும் மனம் ஒப்பவில்லை. டேப் கெட்டுவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தேன். திருப்பிக் கொடுக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அதையே ஒரு நல்ல காரியம்போல எண்ணிக்கொண்டு வேலையிலிருந்து ஓய்வும் பெற்றேன்.

பழைய இரும்புக்காரர் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனபின், அண்ணாசாலைப் பக்கம் மின்னணுச் சாமான் விற்கும் சந்துகளில் ஒரு மாதம் அலைந்தேன். எல்லோரும் கைவிரித்தார்கள். கடைசியில் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய ஒரு பாய் அதை வாங்கிப் பார்த்தார்.

“இன்னா பெரியவரே, மியூசியத்துலேர்ந்து தூக்கினு வந்துட்டியா? உள்ள ரப்பரு பிசினு மாதிரி உருகிக் கீது. இத்த ஓட்டுற மிசினு செத்து இருவது வருசம் ஆச்சு.”

“ஒருத்தருக்குத் திருப்பிக் கொடுக்கணும் பாய்.”

“அவரு இன்னும் கேட்டுகினா கீறாரு?”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவை உள்ளே வைத்தார். குப்பையிலிருந்து ஒரு பழைய இயந்திரத்தைத் தேடிப் பிடித்து, ரப்பர் மாற்றி, ஐந்து மாதத்தில் கோப்பை எடுத்துக் கொடுத்தார். திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. கொக்கியும் கோடும் புள்ளியுமாக இருந்தது. அந்தத் தமிழ் மென்பொருள் தனக்கென்று ஓர் எழுத்துமுறை வைத்திருந்தது. அதைச் செய்தவர்கள் கடையை மூடிப் பல காலமாகிவிட்டது. எனக்கு உதவியது ஸ்டெல்லா அன்று வாய்விட்டுப் படித்தது. வரிக்கு வரி திரும்ப வருவது ‘தப்படி’யாகத்தான் இருக்கவேண்டும் என்று பிடித்துக்கொண்டேன். அதிலிருந்து த, ப, டி. அங்கிருந்து ‘வேம்பு’. கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து கிடந்தன. ஒரு கண்ணில் புரையோடு, பேரனின் பழைய பள்ளி நோட்டில் நான்கு மாதம் எழுதினேன். நடுவில் அறுபது வரிக்கு மேல் போனது போனதுதான்.

ஸ்டெல்லா நெமிலிச்சேரியில் இருப்பதாகக் கோயிலில் சொன்னார்கள். அம்பத்தூரில் ரயில் ஏறிப் போனேன். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி கதவைத் திறந்தார். இனி அவர் என்று எழுதுவதுதான் மரியாதை. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“வைரஸ் இல்லம்மா. நான்தான் அழிச்சேன்.”

“தெரியும் சார். வைரஸ் வந்து நட்டு போல்ட்டு கணக்கா சார் எழுதி வச்சிட்டுப் போவும்?”

அவர் லேசாகச் சிரித்ததும் எனக்குத் தைரியம் வந்து, டேப்பைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“எங்க இருந்துச்சு?”

“என் வீட்ல.”

“அந்த வருஷம் கல்லறைத் திருநாள் அன்னிக்குமா?”

“ஆமாம்மா.”

“கள்ளிக்குப்பம் வூட்லயா?” ஆமாம் என்று தலையாட்டினேன். “கோயில்லேர்ந்து சைக்கிள்ல வந்தா கால் மணி நேரம் சார்” என்றார். “அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டல. ஆனா யார்னா வந்து கேட்டா, என் பொண்ணு தொலைச்சிட்டாம்மா, மன்னிச்சிக்கோங்கன்னு சொல்லுவாரு. எல்லாம் மறந்துபோச்சு அவருக்கு. சாப்புட்டதுகூட மறந்துடும். இது ஒண்ணு மட்டும் கடைசி வரிக்கும் மறக்கல.”

நோட்டிலிருந்து கிழித்து நான் கொண்டுபோயிருந்த தாள்களை அவர் வாங்கிக்கொண்டார். மன்னித்துவிடுங்கள் என்றேன். “நவம்பர் ரெண்டு வாங்க சார், போய்ப் பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

போனோம். வேம்பிலிருந்து ஒன்பது தப்படி என்றது தாள். வேம்பு இல்லை. எங்கே இருந்தது என்று நான்கு பேர் நான்கு பக்கம் கைகாட்டினார்கள். கைப்பம்பைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். சாலையை அகலமாக்கியபோது சுவர் உள்ளே தள்ளி வந்திருந்தது. மழைத் தண்ணீர் தேங்குகிறது என்று தரையை மண் கொட்டி இடுப்பளவு உயர்த்தியிருந்தார்கள். எந்த எழுத்தையெல்லாம் நான் மீட்டேனோ, அவை சுட்டிய பொருள் ஒன்றுகூட அங்கே இல்லை. ஒரு வயதான அம்மாள் பூக்கூடையோடு வந்து, “எங்க வூட்டுக்காரரு எங்கன்னு அதுல போட்டுக்கீதா?” என்று கேட்டார். உத்தேசமாக ஓர் இடத்தைக் காட்ட என் கை எழுந்தது. ஸ்டெல்லா அதைப் பிடித்து இறக்கினார்.

“வாணாம் சார். தெரியலன்னு சொல்லிடுங்க.”

பிறகு தோட்டத்தின் நடுவிலிருந்த பெரிய சிலுவையின் கீழே நின்று பெயர்களை மட்டும் உரக்கப் படித்தார். ஒருமணி நேரமாயிற்று. தன் ஆளின் பெயரைக் கேட்டவர்கள் வந்து சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். சவரியம்மாள் பெயருக்கு யாரும் வரவில்லை. மரியதாஸும் போய்ச் சேர்ந்துவிட்டாராம். பெயர் வைக்காத குழந்தையின் வரி வந்ததும் படிக்க முடியாமல் ஸ்டெல்லா கொஞ்சம் நின்றார். அழிந்துபோன அறுபது வரியில் தங்கள் ஆள் இருந்தவர்கள் கடைசி வரை காத்திருந்துவிட்டுப் போனார்கள்.

பாதிரியார் நல்ல மனிதர், இளைஞர். “பென்டிரைவ்ல குடுத்துடுங்கம்மா, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கும்” என்றார். ஸ்டெல்லா கடையில் ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து கோயில் பெஞ்சில் உட்கார்ந்து கையால் எழுதினார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தேன். மன்னிப்பைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை. பெயர், யாருடைய உறவு, அடக்கம் செய்த நாள் என்று எழுதிக்கொண்டே வந்தார். நான் பழக்கத்தில் “வேம்பிலிருந்து” என்று தொடங்கினால் பேனாவைத் தூக்கிவிடுவார்.

“அது வேணாம் சார். அடுத்த பேரைப் படிங்க.”